மாப்பிள்ளையைத் தேடி அவிநாசிக்கு

தொண்ணூற்றாறு, சித்திரை வெயில். காலை ஏழு மணிக்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். சப்-இன்ஸ்பெக்டருக்கு ஜீப் கிடையாதா என்று கேட்காதீர்கள். ஜீப் இருந்தது, டீசல் இல்லை.

நான் தேடிப் போனது இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவனை. வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. இந்தப் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் புது ஆளிடம் முதலில் "எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தைக் கேட்பார்கள். தங்கள் கூட்டமே என்றால் வந்தவன் பங்காளி. அதற்கு மேல் கேள்வி கிடையாது, சோறும் படுக்கையும்தான். அந்தக் கேள்விக்கு அவன் ஊருக்கொரு பதில் வைத்திருந்தான். சரவணம்பட்டியில் ஒரு வீட்டு மோட்டார் சைக்கிள் போயிற்று. கருமத்தம்பட்டியில் மருமகளின் ஆரம் போயிற்று. ஒருவரும் புகார் தரவில்லை. புகார் இல்லாமல் பிடித்தால் மறுநாளே வெளியே வந்து சிரிப்பான்.

கருமத்தம்பட்டிக்கு டிக்கெட் நாலு ரூபாய். தெருவெல்லாம் தறிச் சத்தம். ஆரம் பறிகொடுத்த வீட்டு அம்மாள் இலை போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"முந்தாநாத்து அவிநாசிக் கோயில்ல அவரப் பாத்தனுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்களோட நின்னாரு. நாளைக்கு நிச்சயமாமுங்க."

"அங்கேயே பிடிச்சுக் கேட்க வேண்டியதுதானேம்மா?"

"நாலு பேரு முன்னால எப்படிங்க கேக்கறது? சங்கடமாப் போச்சுங்க. இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கங்க."

எனக்கு வந்த கோபத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து அவிநாசி பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். நிச்சயதார்த்த வீடு எது என்று பஸ் கண்டக்டரே சொன்னார்: "பந்தல் போட்டிருக்குமுங்க, தேர் நிக்கற பக்கம்."

பெண்ணின் தகப்பனார் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "உக்காருங்க சார், வாரேனுங்க" என்று உள்ளே போனார். காபி வந்தது, அவர் வரவில்லை. எழுந்து உள்ளே போனால் பின்கதவு திறந்து கிடக்கிறது, பக்கத்தில் தகப்பனார்.

"அந்த வழியா அனுப்பிச்சுப்போட்டனுங்க. ஊட்டுக்கு வந்தவர இங்க வெச்சு விலங்கு மாட்டுனா நல்லாவா இருக்கும்? சாப்படக்கூட இல்லீங்க, பாவம்."

பாவமாம்! தெருத் தெருவாக ஓடிப் பார்த்தேன். ஆள் இல்லை. திரும்பி வந்து, புகாராவது கொடுங்கள் என்றேன்.

"பொண்ணு பேரு கெட்டுப்போயிருமுங்க."

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் புது ஆளுக்குத் தண்ணீர் கொடுக்குமுன் நாலு கேள்வி கேட்போம். முரட்டு ஜனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த மரியாதை மூன்று ஊரில் ஒரு திருடனுக்குக் காவல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கோவை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மருதாணிக் கையோடு ஒரு பெண் ஏறி எதிரில் நின்றாள். அந்த வீட்டுப் பெண்தான்.

"புகார் நான் தாரனுங்க. என்ற பேர்லயே எழுதிக்கங்க சார். அவனுக்கு அவமானம் வரக்கூடாதுன்னு எங்கப்பா கதவத் தொறந்து உட்டாரு. நாளைக்கு எனக்கு வாரத ஆருங்க யோசிச்சாங்க?"

தகப்பனார் மூச்சிரைக்க ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "கண்ணு, இறங்கு சாமி. சாப்பிட்டுப்போட்டுப் பேசிக்கலாம்."

"அந்தச் சோத்தையும் அவனுக்கே போடுங்கப்பா."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். நான் பையில் கை விடுவதற்குள், பஸ் முழுக்கக் கேட்கும்படி அவளே சொன்னாள்: "போலீஸ் ஸ்டேஷனுக்குங்க."