இரண்டாம் நம்பர் டோக்கன்

அபிராமபுரம் கிளினிக்கில்தான் அவரைப் பார்ப்பேன். தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்தில் பட்டை. கழுத்து வலிக்கு வருகிறார் என்று பெயர். சீக்கிரமே வந்து டோக்கன் வாங்கிவிடுவார். பிந்தி வருகிற எங்களில் யார் ரொம்ப வாடியிருக்கிறாரோ அவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொள்வார். பிறகு என் கால் எரிச்சலையும் பக்கத்து மாமியின் மலச்சிக்கலையும் பொறுமையாக முழுசும் கேட்பார். தன் முறை வருவதற்குள், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இரண்டாம் நம்பர் அவர் கையில் இருந்தது. வழக்கம்போல நான் கையை நீட்டினேன்.

"இன்னிக்கு எனக்கு வேணும் சார்" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

என்ன உடம்புக்கு என்று நான் கேட்கவில்லை. அவரிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். பட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "கால் எரிச்சல் எப்படி இருக்கு சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அப்புறம் அவர் வரவே இல்லை. ஒரு மாதம் பொறுத்து, டோக்கன் கொடுக்கப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"பேரு இன்னா சார்? இன்னாத்துக்கு வருவாரு?" என்றாள்.

பெயர் எனக்குத் தெரியவில்லை. கழுத்து வலிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.