மண்டபத்துச் சட்டம்

நாமக்கல்லில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்து மேனேஜரின் பெயரை நான் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். தேதி கேட்டு யார் போனாலும் முதலில் பெண், மாப்பிள்ளை இருவரின் ஆதார் அட்டையையும் கேட்பார். அதைப் பார்க்க மட்டும் கண்ணாடி மூக்குக்கு இறங்கும்.

ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் என் மாமா, பதினேழு வயது மகளின் கல்யாணத்துக்குத் தேதி பிடிக்க என்னையும் கூட்டிப்போனார். மேனேஜர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் இருக்கிற நாட்டுல பதினாறே போதுமுங்க," என்றார் மாமா.

"இருக்கட்டுமுங்க. நம்மூரு ரிக்கு லாரி கேரளாவுக்குள்ள போனா, எந்த ஊரு பர்மிட்டக் காட்டோணுமுங்க?"

மாமா அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டு முடியட்டுங்க. அப்பவும் புள்ளைய நேர்ல கூட்டியாங்க. அது சரின்னு சொல்லோணும்."

"அது எந்த நாட்டுச் சட்டமுங்க?"

"இந்த மண்டபத்துச் சட்டமுங்க."

மாமா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

போன மாதம் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தேதி கேட்க, அப்பா அம்மாவோடு அதே மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் இருவரின் ஆதாரையும் வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"வயசு சரியா இருக்குதுங்க. உங்களுக்குச் சம்மதந்தானுங்களா?"

அம்மாவிடம் இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

"ரெண்டு நாள்ல சொல்றனுங்க," என்றாள்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் அப்பாதான் காபி போட்டார்.