ஸ்பீக்கருக்குள் ஒரு கொசு

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை ஒரகடத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, லுங்கியோடு வேனுக்கு அடியில் படுத்தபடி பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினேன்.

பழைய கம்பெனி வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, ஊர் சுற்றும் வீடாக மாற்றியிருக்கிறோம். நாளை முதல் பயணம். 1991-இல், கல்யாணமான புதிதில் வாங்கிய கேசட்டுகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது சுமதியின் ஆசை. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தாலே ஸ்பீக்கர், காதருகே கொசு வந்த மாதிரி 'ஙொய்ங்' என்று கத்தியது.

"இந்த சத்தத்தோட நான் வரமாட்டேன். நீ மட்டும் போய்ட்டு வா."

ஸ்பீக்கரையே மாற்றிப் பார்த்தேன். கொசு சாகவில்லை.

கடைசியில், கார் ஒயர் செய்யும் கம்பெனியில் உற்பத்தி லைனை மேற்பார்வை பார்க்கும் சுமதியே டார்ச்சோடு குனிந்தாள்.

"இன்னாய்யா இது? எர்த் ஒயர் முடுக்குற எடத்துல செவப்பு பெயிண்ட் கீது! இங்கெல்லாம் யாரு அடிக்க சொன்னது? அப்பறம் எர்த் எப்டி புடிக்கும்? ஸ்பீக்கர் கத்தாம இன்னா பண்ணும்?"

"ஆயுத பூஜைக்கு அழகா இருக்கட்டும்னு..." என்று இழுத்தேன்.

"எங்க லைன்ல இருந்திருந்தா உன்னையே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்!"

எதிர் வீட்டுக்காரர் சத்தமாகவே சிரித்தார்.

பெயிண்டைச் சுரண்டி ஒயரை முடுக்கினேன். கொசு செத்தது, பாட்டு வந்தது. சுமதி என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, துணி எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

அவள் இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டாள். கமெண்டில் யாரும் போட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்: ஆயுத பூஜையன்று பிரஷ் பிடித்தது சுமதி. நான் பெயிண்ட் டப்பாவை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.