போல்ட்டை முறுக்கும் முன்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கலாம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்பேனர் பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

பத்தொன்பது வருடமாக வங்கிகளின் மொட்டை மாடியில், அவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்கு இணைப்புக் கொடுக்கும் டிஷ் பொருத்துகிறேன். முதலில் அதற்குச் சிமென்ட் பீடம் போடத்தான் போனேன். டிஷ்ஷைத் திசை பார்த்துத் திருப்பி வைக்கும் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை டிஷ் நேராகப் பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பக்கத்து அலைவரிசைக்காரருக்கு இடைஞ்சல். அதனால் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் திரையைப் பார்த்து, சரி என்ற பிறகுதான் போல்ட்டை முறுக்கலாம்.

ஏழு வருடமாக அந்தப் போனை எடுத்தது ஒரே பெண். முகம் பார்த்ததில்லை. நான் திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் ஒற்றை அறையில் தனியாக இருப்பவன். சில நாள் காலையிலிருந்து நான் பேசும் முதல் பேச்சே அவரிடம்தான்.

"திண்டுக்கல் அண்ணனா? இன்னைக்கு எந்த மாடில காயறீங்க?"

"நத்தத்துலம்மா."

"மாம்பழ ஊர்ல நின்னுக்கிட்டு, ஒரு மாம்பழம் அனுப்புறேன்னு வாய் வருதா பாருங்க!"

அனுப்பியிருப்பேன். விலாசம் கேட்கத்தான் கூச்சம்.

போன மாதம் அவரே சொன்னார். "அடுத்த மாசத்துல இருந்து ஆப் வந்துடுதுண்ணே. நீங்களே மொபைல்ல பாத்து முறுக்கிக்கலாம். என்னை வேற செக்ஷன்ல போடறாங்க."

போன் செய்து பார்த்த கடைசி வேலை குஜிலியம்பாறையில். காற்றில் டிஷ் நகர்ந்து, வங்கியில் இணைப்பே இல்லை. பஸ்ஸில் போகும்போதே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: 'வேலை இல்லாத நாள்லயும் செத்த நேரம் பேசலாமாம்மா?'

பத்து நிமிடத்தில் சிக்னல் பிடித்துவிட்டேன்.

"நிறுத்துங்க. சூப்பர். முறுக்கிடுங்க."

முறுக்கவில்லை. கட்டை விரலால் டிஷ்ஷை லேசாகத் தள்ளினேன்.

"அண்ணே, போயிடுச்சே?"

"காத்தும்மா."

மறுபடி பிடித்தேன். மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை அவர் சிரித்துவிட்டார்.

"உங்க ஊர் காத்து சரியா நான் முறுக்கச் சொல்றப்பதான் அடிக்குமா? என்னமோ சொல்ல வரீங்க. சொல்லுங்கண்ணே."

அந்த நேரம் பார்த்து, முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஒரு பெரியவர் படிக்கட்டில் பாதி ஏறி வந்து நின்றார். "ஏப்பா, வந்துருச்சா இல்லையா? காலைலருந்து அம்புட்டுப் பேரும் பட்டினியா உக்காந்துருக்கோம்ல?"

ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. முறுக்கிர்றேன்."

அந்தப் பெண் உடனே போனை வைக்கவில்லை. அவருடைய அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நான் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினேன். நாலாவதும் இறுகியது.

"சரிண்ணே. உடம்பைப் பாத்துக்கோங்க."

கீழே வரிசை நகரத் தொடங்கியது.

அதன் பிறகு மூன்று இடங்களில் ஆப்பை வைத்தே வேலையை முடித்தேன். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பழைய எண்ணுக்கு ஒரு தடவை போட்டேன். வேறு யாரோ ஓர் ஆண் எடுத்தார், வைத்துவிட்டேன்.

வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைப்போம் என்று இன்றுதான் உட்கார்ந்தேன்.

2025 மார்ச் 26, புதன்கிழமை.