இரண்டாவது மொட்டை

"பிழைத்தவர்" என்று என்னை யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இத்தனை வருஷம் ஆகியும் வருகிறது. மண்டையைத் திறந்து, மூளையிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு கட்டியை எடுத்தார்கள். மூச்சு நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிழைப்பு என்று பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன். ஜெலுத்தோங்கில் வாடகை வீடு. நானும் என் மனைவியும்தான், பிள்ளை கிடையாது. பிள்ளைகள் போடவேண்டிய சத்தத்தையும் சேர்த்து நானே போடுவேன். வேலை விட்டு வரும்போது சந்துமுனையிலேயே பாட்டை எடுத்துவிடுவேன். அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்கும்: "ஐயோ, வந்துட்டாருலா பாட்டுக்காரரு! எல்லாரும் காதைப் பொத்திக்கங்க!" அவள் குழம்பு கூட்டிக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் போய் முந்தானையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, ஒன்றும் அறியாதவனாக உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். திரும்பினதும் மாட்டிக்கொள்வாள். அப்புறம் கரண்டியோடு துரத்துவாள். அவள் புருஷன் என்றால் அந்த ஆள்தான்.

பிறகு தலைவலி வந்தது. காலையில் வாந்தி, இடது கண்ணில் மங்கல். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு, மூளையில் கட்டி, திறந்தால் பிழைக்கலாம், திறக்காவிட்டால் பிழைக்கமாட்டான் என்று சொல்லிவிட்டார். என் மனைவி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, வருகிறவர் போகிறவர் பார்க்க, முழங்கால் போட்டாள். இவர் உயிரோடு எழுந்து வந்தால் அக்கரையில் மலையடிவாரத்தில் இருக்கிற மாதாவின் தாயார் கோயிலுக்குக் கூட்டிவந்து மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரி ஆளே வந்து என் தலையை மழித்தான். ஈரக் கத்தி நெற்றியிலிருந்து பிடரிவரை போனது இன்றைக்கும் தெரிகிறது. ஆனால் ஆபரேஷனுக்கு என்னைத் தூங்க வைக்கவில்லை. தலைத்தோலில் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை. எலும்பைத் துளைக்கிற சத்தம் மட்டும் இருந்தது. அதை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். டாக்டர் இடையிடையே என் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஒரு தடவை பதில் சொன்னபோது, சொன்னவன் வேறு யாரோ என்று தோன்றியது. அந்த எண்ணம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் பாட்டு இல்லை. பாடக்கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை, வரவில்லை. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், உடம்பெல்லாம் நடுங்கும். அவளைத் திட்டுவேன். என் வாயில் ஒருநாளும் வந்திராத வார்த்தைகள் வரும். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பார்த்து அழுவேன். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தழும்பைத் தடவிப் பார்த்து, அருமையாக ஆறியிருக்கிறது, நீ அதிர்ஷ்டக்காரன் என்று முதுகில் தட்டி அனுப்பினார். பார்க்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "அண்ணே, ஆண்டவரு உங்களத் தூக்கி விட்டிருக்காரு. நீங்க மூஞ்சிய இப்படி வச்சிருந்தா அவருக்கே மனசு கஷ்டப்படும்லா" என்பார்கள். சாகவேண்டும்போல் இருக்கிறது என்றால் பாவம். பிழைத்ததற்குச் சிரிக்காவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். அட போங்கய்யா!

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் எப்படிக் கெட்டுப்போயிருந்தாலும் சரி, இது நீங்கள்தான் என்று அவள் ஒருத்தி சொல்லவேண்டும். அவள் சொன்னால் நானும் நம்பிவிடுவேன்.

ஒருநாள் அடுப்படிப் பக்கம் போனேன். அவள் முந்தானை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. அவளே முடிந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, கீரையைக் கிளறிக்கொண்டு நின்றாள். அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என்ன சொல்லவேண்டும் என்றும் தெரிந்தது. நான் சொன்னது இதுதான்: "சேலை கிழிஞ்சிரப் போவுது. அவுத்து விடு." அவள் அவிழ்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நேர்ச்சைப் பேச்சை எடுத்தாள். என் தலையில் அதற்குள் முடி வளர்ந்து தழும்பை மூடியிருந்தது.

"ஆஸ்பத்திரியில மழிச்சது சேராதுங்க. அது டாக்டருக்குக் குடுத்த முடி. தாயாருக்கு இன்னும் நாம குடுக்கல. அதான் அவங்க உங்கள முழுசாத் திருப்பித் தரல."

"இந்தா புள்ள, வேற என்ன வேணும்னாலும் சொல்லு. முட்டி போட்டுக்கிட்டே மலை ஏறுறேன். கத்தி மட்டும் வேணாம்."

"ஒரே ஒரு தடவைங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் எல்லாம் சரியாப் போயிரும்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. பல மாதங்களாக நான் காணாத வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யார் கண்டது, சரியாகிவிடுமோ என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது.

ஜூலையில் கோயில் திருநாள். அவள் அண்ணனும் துணைக்கு வந்தார். ஃபெர்ரியில் அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போய் அங்கிருந்து ரயில் ஏறினோம். கோயில் வளாகம் முழுக்கத் தமிழர்களும் சீனர்களும் மெழுகுவர்த்தியும் கையுமாக நின்றார்கள். ஒரு மரத்தடியில் நாவிதர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அதில் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் தெளித்தார்.

"அசையாதீங்க, நான் புடிச்சிக்கிறேன்" என்று என் மனைவி எதிரில் மண்டியிட்டு, முதல் மொட்டைக்குக் குழந்தையைப் பிடிப்பதுபோல் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தி நெற்றியில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவுக்குரிய 'அருள் நிறைந்த' மந்திரம் சொன்னேன். பாதித் தலை மழிக்கும்வரை பொறுத்துக்கொண்டேன். கத்தி தழும்பின் ஓரத்தைத் தொட்டதும் பல்லுக்குள் அந்தத் துளைக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். நான் அலறினேனாம். என் தலையைப் பிடித்திருந்தவளை முகத்தில் குத்தித் தள்ளினேனாம். எனக்கு நினைவு திரும்பியபோது அவள் மண்ணில் கிடந்தாள், உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. சுற்றிலும் கூட்டம். "பேய் புடிச்சிருக்கு, தீர்த்தம் தெளிங்க!" என்று ஒருவர் கத்தினார். தெளித்தார்கள். கழுத்து வழியாக முதுகில் வடிந்தது. நாவிதர் கத்தியை மடித்து வைத்துவிட்டு, என்னால் ஆகாது என்று எழுந்துவிட்டார். மச்சான் தன் துண்டை எடுத்து என் அரை மொட்டையைச் சுற்றிக் கட்டினார்.

திரும்பும்போது ஃபெர்ரியில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். உதடு வீங்கியிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லங்க" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம். பழைய நாளாக இருந்தால் விட்டிருப்பாள், அண்ணன் இருக்கிறார் என்றுகூடப் பார்த்திருக்கமாட்டாள். கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தத் தண்ணீரில் குதித்துவிடலாம் போலிருந்தது. எழுந்து நிற்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

அதன்பிறகு அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மருந்து, துவைத்த சட்டை. நான் கத்தினால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கிண்டல் இல்லை, சண்டை இல்லை. நேர்ச்சைப் பேச்சும் நின்றுபோயிற்று. முடி தானாக வளர்ந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவள் தகப்பனார் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். பக்கத்தில் தன் அம்மா கல்லறைக்கும் ஏற்றினாள். அப்புறம் பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனாள். அங்கே கல்லறை இல்லை, வெறும் புல்தரை. அதில் ஊன்றி ஏற்றி, முழங்கால் போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தாள்.

அனாதை ஆத்துமாக்களுக்காக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டேன்.

"இது யாருக்கு?"

அவள் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"எம் புருஷனுக்குங்க."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். எதற்கெடுத்தாலும் வருகிற கோபம், அன்றைக்கு வரவில்லை. அழுகை வந்தது. அந்த ஆள் செத்துப்போனதற்கு அதுவரை நானும் அழுதிருக்கவில்லை. கடல்காற்று அடித்துச் சுடர் சாய்ந்தது. நான் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு, அது அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன்.