பெயர் வைக்காத மருமகன்

என் தங்கை என்னிடம் ரத்தம் கேட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்குள் புகுந்து சங்கரா மீன் வாங்கிக்கொண்டு, புருஷனோடு உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வண்டியை நிழலில் நிறுத்துகிறேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அண்ணா, உன்கிட்ட ஒன்னு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கோவப்படக் கூடாதுன்னு சொன்னாலே எனக்குக் கோவம் வரும். கேளு."

"ஒரு டியூப் ரத்தம் வேணும்."

சிரித்துவிட்டேன். ஊரில் இத்தனை பேர் இருக்க, ரத்தம் கேட்டு என்னிடமா வருவது? எனக்குப் பிறவியிலிருந்தே ஹீமோபீலியா. அடிபட்டால் ரத்தம் உறையாது. அடிபடாவிட்டாலும் மூட்டுக்குள் தானாகக் கசியும். வெளியே ஒரு சொட்டு தெரியாது, முட்டி மட்டும் பலாப்பழம் மாதிரி வீங்கி நிற்கும். என் இடது முட்டி மடங்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. பேருந்தில் நான் காலை நீட்டி உட்கார்ந்தால் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள். அதுவும் முழுப் பொய்யில்லை.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. பெண்கள் வழியாக வரும், ஆண்களைப் பிடிக்கும். என் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் தம்பிக்கு இருந்தது. பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் பிள்ளை வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு நான். தாய்மாமனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று மற்ற வீடுகளில் குழந்தையைக் கொஞ்சுவார்கள். எங்கள் வீட்டில் யாராவது அதைச் சொன்னால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தங்கை விஷயத்தைச் சொன்னாள். குழந்தை பெற்றுக்கொள்ள முடிவு செய்து, சென்னையில் ஒரு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவிடமிருந்து அவளுக்கும் அது வந்திருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்று தெரியாமல் அவளிடம் தேட முடியாதாம். அந்த இடத்தைக் காட்டக்கூடியது என் ரத்தம்தான். அவளிடமும் இருந்தால், கருவை உடம்புக்கு வெளியே உண்டாக்கி, ஒவ்வொன்றையும் சோதித்து, நோய் இல்லாததை மட்டும் வயிற்றில் வைப்பார்கள்.

"அப்போ என்னை மாதிரி ஒருத்தன் வேணாங்கறதுக்கு என் ரத்தத்தையே கேக்குற" என்றேன்.

"கோவப்படாதன்னு சொன்னேன் இல்ல?"

"இது கோவம் இல்ல. சாட்சி சொல்லக் கூப்புடுறியே, யாருக்கு எதிரான்னு கேக்குறேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் என் தங்கை என்னோடு சண்டை போட்டே வளர்ந்தவள், அழுது ஜெயிக்கிற ரகமில்லை. "உன்ன வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? உன் முட்டி வேணாங்கறேன். நீ ராத்திரில பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடப்பியே, அது வேணாங்கறேன்."

"முட்டிய மட்டும் எடுக்க அந்த டாக்டருக்குத் தெரியாதே. ஆளோட சேத்து இல்ல எடுக்கறாங்க?"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர். பெண் பார்க்க வந்தபோது அம்மா என் நோயை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு முன்பே இரண்டு இடங்கள் நழுவிப் போயிருந்தன. இவர் மட்டும், பார்த்துக்கலாம் அத்தை என்று சொல்லிக் காபியைக் குடித்து முடித்தார். அதனால் அவரிடம் எனக்குக் கோபமே வராது, எரிச்சல்தான் வரும்.

"அதத்தான் மச்சான் நானும் சொல்றேன்" என்றார். "வெளிநாட்டுல திருத்தவே செய்யுறாங்களாம். கருவா இருக்கும்போதே தப்பா இருக்கற அந்த எடத்த மட்டும் சரி பண்றது. அதே புள்ள, வியாதி மட்டும் இருக்காது. யாரையும் தள்ளவேணாம்."

"டாக்டர்கிட்ட கேட்டோமே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று தங்கை திரும்பினாள். "அதுக்கு அனுமதி இல்லன்னாரு. ஒரு எடத்துல கை வெச்சா வேற எங்க மாறும்னு இன்னும் முழுசா தெரியாதாம். மாறுனது அந்தப் புள்ளையோட நிக்காது, அது வயித்துல பொறக்கறதுக்கும் போவுமாம். அதுங்கள யாரு கேட்டாங்க?"

வேடிக்கை என்னவென்றால், என் மனம் அந்த நிமிடம் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தது. கருவைத் திருத்தியிருந்தால் நான் இருந்திருப்பேன், முட்டி மடங்கியிருக்கும், பள்ளி மைதானத்தில் ஓடியிருப்பேன். பொறுக்கி எடுத்திருந்தால் நான் இருக்கமாட்டேன், வேறு யாரோ ஒருவன் அம்மாவுக்குப் பிள்ளையாக இருந்திருப்பான். திருத்துவது பாவம், பொறுக்குவது பரவாயில்லை என்று உலகம் சொல்கிறது. பொறுக்கி எடுத்ததில் தள்ளப்பட்டவன் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு நேர் எதிராகத் தெரிகிறது.

ஆனால் புது வைத்தியத்தின் மறுபக்கத்தையும் பார்த்தவன் நான். சின்ன வயதில் எனக்கு மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்ததை ஏற்றுவார்கள். பக்கத்துக் கட்டிலில் என் வயதுப் பையன் ஒருவன் படுத்திருப்பான், இரண்டு பேரும் சித்திரக்கதைப் புத்தகம் மாற்றிக்கொள்வோம். ஏற்றிய ரத்தத்திலேயே வேறொரு நோய் வந்து அவன் செத்துப்போனான். ரத்தத்தைக் கொடுத்தவர்களும் ஏற்றியவர்களும் நல்லதுதான் நினைத்தார்கள். எனக்கு வராமல் அவனுக்கு வந்ததற்குக் காரணம் எதுவும் கிடையாது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். இருந்தாலும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அந்தக் கட்டில் எனக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்தது. முதலில் திருத்தப்படும் பிள்ளை யாரோ ஒருவருடைய பிள்ளையாகத்தான் இருக்கும். அது என் வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். சுயநலம்தான், மறுக்கவில்லை.

அன்று ரத்தம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் போனபிறகு என் வேலையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இன்னும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பிறப்பு, கல்யாணம், சாவு என்று எல்லாச் சான்றிதழ்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தருவது என் பிழைப்பு. ஓட முடியாத பையனை உட்கார்ந்த இடத்தில் படிக்கவைத்தார்கள், அப்படி வந்த பிரெஞ்சு. இதைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா, அந்த வலிதான் உன்னை ஆளாக்கியது என்று சொல்கிறவர்கள் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். வலி யாரையும் ஆளாக்குவதில்லை, தூக்கத்தைத்தான் கெடுக்கும். இப்போது அரசு மருத்துவமனையில் ஊசி கிடைக்கிறது, முன்போல இல்லை. ஆனாலும் போன முட்டி போனதுதான்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கும். நான் சமையலறை வாசலில் போய் நின்று கேட்டேன்.

"எம்மா, இந்த மாதிரி டெஸ்ட்டெல்லாம் அப்பவே இருந்திருந்தா, என்ன வேணாம்னு சொல்லியிருப்பியா?"

அவள் ஜெபமாலை கையை விட்டு இறங்காதவள். ஆண்டவர் கொடுத்ததை வேண்டாம் என்பேனா என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லப்போனால், அதைக் கேட்கத்தான் போய் நின்றேன்.

அம்மா குழாயை மூடினாள். "சொல்லியிருப்பேன்" என்றாள்.

நான் திரும்பி நடக்கப் போனேன்.

"உன்ன இல்லடா. அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாதே, தெரியாதவன எப்படி வேணாங்கறது? என் தம்பி வாயி ரத்தமா என் மடியிலதான் கெடந்தான். எங்கம்மா மண்டையில அடிச்சிக்கிட்டு அழுதத நான் பாத்தேன். அது திரும்ப என் வீட்டுக்கு வரவேணாம்னு சொல்லியிருப்பேன். சாமியாருகிட்ட கேட்டா தப்புன்னுதான் சொல்லுவாரு. நானும் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பேன். பண்ணிட்டு, அதையேதான் செஞ்சிருப்பேன்." ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள். "இப்ப கேட்டீன்னா, ஒரு முடியக்கூடத் தரமாட்டேன்."

நான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா வேண்டாம் என்றிருப்பாளே என்று அழவில்லை. இத்தனை வருடம் நான் வீங்கிக் கிடந்த ஒவ்வொரு இரவும் அவள் இரண்டு பேரை மடியில் வைத்திருந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. மறுநாள் காலை தங்கைக்குப் போன் செய்து, எங்கே வரவேண்டும் என்று கேட்டேன்.

ரத்தம் கொடுத்தேன். பிழை இருக்கும் இடம் தெரிந்தது. அதே பிழை அவளிடமும் இருந்தது. பிறகு அவள் மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு சென்னைக்கும் மூலக்குளத்தில் இருக்கும் தன் வீட்டுக்கும் அலைந்தாள். ஊசி போட்ட இடங்களில் நீலம் பாய்ந்து கிடந்ததை ஒரு நாள் அம்மாவிடம் காட்டினாள். எங்கள் வீட்டில் நீலத் தழும்பு என்றால் அது என் சொத்து. அதை அவள் உடம்பில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. இரண்டு கரு நல்லபடியாக இருக்கின்றன, இன்னும் ஒன்றுக்கு நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆணா பெண்ணா என்று சொல்ல நம் நாட்டுச் சட்டம் இடம் தராது. எங்கள் குடும்பத்துக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு நோய் இல்லை, தங்கையிடம் இருப்பதோ ஆண்பிள்ளையைத்தான் பிடிக்கும். நோய் இருக்கிறது என்று சொன்னாலே பையன் என்றுதான் அர்த்தம். தங்கை பையன், என் மருமகன்.

"எங்க வீட்டுக்காரரு, அந்தக் கரு ஐஸ்ல ஒறைஞ்சே இருக்கட்டும்ங்கறாரு" என்றாள் தங்கை. "என்னைக்காவது திருத்த அனுமதி வரும், அப்ப சரி பண்ணி எடுத்துக்கலாம்ங்கறாரு. அத அங்க வெச்சிட்டு நான் எப்படிண்ணா தூங்கறது? அப்படியே வயித்துல வெச்சிக்கவும் எனக்கு தைரியம் இல்ல. விட்டுடச் சொல்லவும் வாய் வரல. நீ சொல்லு. நீ சொன்னா அவரும் கேப்பாரு."

இந்த நோயோடு வாழ்ந்தவன் ஒருவனைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்களே என்று உள்ளுக்குள் பொருமியவன் நான். இதோ கேட்டுவிட்டாள். என் வாழ்க்கை கேவலமானது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு வேலை இருக்கிறது, அம்மா இருக்கிறாள், சாயங்காலம் கடற்கரையில் உட்கார ஒரு இடம் இருக்கிறது. அவன் பிறந்தால் எனக்குக் கிடைக்காத மருந்தெல்லாம் அவனுக்குக் கிடைக்கும். பிறக்கட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் அவனுக்கு முட்டி வீங்கும் முதல் இரவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்காரப்போவது அவள். திருத்தும் காலம் வரும் என்று ஐஸில் காக்கவைக்கலாம். அந்தக் காலம் வந்தாலும், முதலில் சோதித்துப் பார்க்கப்படுகிறவர்களில் ஒருவனாக அவனை அனுப்ப எனக்கு மனமில்லை.

"விட்டுடு" என்றேன். "நான்தான் சொன்னேன்னு இருக்கட்டும்."

அவள் சரிண்ணா என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சொன்னது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் ஜனங்களுக்கு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். கோயில் ஆபீசுக்குப் போய், செத்தவர் பெயரைச் சொல்லி, அவருக்காக ஒரு பூசை கேட்பார்கள். சாமியார் பீடத்திலிருந்து அந்தப் பெயரைப் படிப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, சில வாரம் பொறுத்துப் போனேன். இப்படி ஒன்றைச் செய்துவிட்டுப் பூசை கேட்க வந்திருக்கிறான் என்று தெரிந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்தே போனேன். ஆபீசில் இருந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"எறந்தவங்க பேரு?"

"பேரு வைக்கல. என் மருமகன்."

"கொறப் பிரசவமா?"

நான் பூசைக் காணிக்கையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, வியாழக்கெழம காலப் பூச" என்றார்.

வியாழக்கிழமை கோயிலில் கூட்டம் இல்லை. அம்மா வழக்கம்போல வந்திருந்தாள், அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இரண்டு கிழவர்களின் பெயர்களுக்குப் பிறகு சாமியார், பெயர் வைக்கப்படாத ஒரு பிள்ளைக்காக, தாய்மாமன் வேண்டுதல் என்று படித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பூசை முடிந்து ஆட்டோவில் வரும்போது அதைப்பற்றிக் கேட்கவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தங்கையிடம் அவள் சொல்லாமல் இருப்பாளா? அப்போது தங்கைக்கு நல்ல கரு ஒன்று வைத்து, வயிற்றில் தங்கியும்விட்டது. இந்த நேரத்தில் அவள் மனதைப் புண்படுத்திவிட்டோமே என்று எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் போன் அடித்தபோது சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"பூச வெச்சியாமே?"

"வெச்சேன். திட்டுறதுன்னா திட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் வந்திருப்பேன் இல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அடுத்த வருஷமும் வை" என்றாள். "அப்ப கைல புள்ள இருக்கும், தூக்கிக்கிட்டு வரேன். அதுக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு நாமதானே சொல்லணும்."

சரி என்று மட்டும் சொன்னேன்.