யாரும் படிக்காத வரி

அலுவலகத்தில் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டால் அதன் அடிவேரைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாள். பதினான்கு வருடமாக ஜாவாவில் நிரல் எழுதி, இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தாள். ஒரு பெரிய மருத்துவமனையின் நோயாளிப் பதிவுத் தளம் அவள் பொறுப்பு. அங்கே கூட்டம் அதிகம் நிற்கும் மூன்றாம் கவுண்டரில் ஒப்பந்த வேலையில் இருந்தவள் அவளுடைய சொந்த அக்கா.

"உன் தளம் இன்னைக்கும் மூச்சு விட மறந்துடுச்சுடி," என்று அக்கா ஒரு மதியம் போனில் சொன்னாள். "திரை அப்படியே நிக்குது. வரிசையில இருந்த ஆளு, தூங்கறியாம்மான்னு கேக்கறான். நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

மறுநாளே எறும்பு வேலையில் இறங்கினாள். காலை பத்து மணி நெரிசலில் சர்வரின் நினைவகத்தில் குப்பை, அதாவது வேலை முடிந்த தரவு, மளமளவென்று குவிந்துகொண்டிருந்தது. ஜாவா தன் குப்பையைத் தானே வாரிக்கொள்ளும். அளவு மீறினால், மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு வாரும். திரை இருபது வினாடி உறைவது அதனால்தான். மேலாளர் சொன்னபடி நினைவகத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தாள். அடிக்கடி உறைவது குறைந்தது, ஆனால் உறைந்தால் முப்பத்தைந்து வினாடி ஆனது.

ஒன்பது நாள் கணக்கெடுத்தாள். குப்பையில் முக்கால்வாசி வெறும் எழுத்துத் தொடர்கள். எங்கிருந்து வருகின்றன என்று பின்தொடர்ந்து போனால், ஒரே ஒரு வரி. யாராவது ஒரு நோயாளியைத் தேடினால் போதும், அன்றைய பட்டியல் முழுவதையும் அது ஒரு நீண்ட வாக்கியமாகக் கோத்தது, பிழை தேடுவதற்கென்று வைத்திருந்த சோதனைக் குறிப்பில் எழுதுவதற்காக. அந்தக் குறிப்பை நான்கு வருடத்துக்கு முன்பே அணைத்துவிட்டார்கள். வாக்கியம் மட்டும் விடாமல் தயாராகி, நேரே குப்பைக்குப் போனது.

வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். அவளேதான்.

அதை நீக்கிவிட்டுச் சோதனை சர்வரில் ஓட்டினாள். கால் வினாடிகூட நிற்கவில்லை. மேலாளரிடம் ஓடினாள்.

"நல்ல வேலை. ஆனா இதுல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் அவர். "அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்காரங்க வேற தளத்துக்கு மாறறாங்க. அதுவரைக்கும் ஒரு மாற்றமும் வேண்டாம்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"ஒரே வரி சார்."

"அரை வரியா இருந்தாலும் அதே பதில்தாம்மா."

அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மெத்தனமாம். கடிதத்தோடு நாற்பத்தொரு புகார்கள், தேதியும் நேரமுமாக. எறும்பு அவற்றைச் சர்வர் நின்ற நேரங்களோடு ஒப்பிட்டாள். முப்பத்தெட்டு அச்சுப் பிசகாமல் பொருந்தின.

யாரிடமும் கேட்காமல் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் பணியாளர் அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் பொறுமையாகவே படித்தார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. பதிவுல ஏறின புகாரை அழிக்க எங்ககிட்ட வழி இல்லம்மா."

விஷயம் மேலாளர் காதுக்கு எட்டியது. நம் தப்பை நாமே எழுதிக் கொடுப்பதா என்று குதித்தார். அவளை வேறு வேலைக்கு மாற்றினார்.

அன்று சாயங்காலம் அக்காவின் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்த வரி நான் எழுதினது, அக்கா."

அக்கா பாத்திரம் துலக்கும் கையை நிறுத்தவில்லை. "வேணும்னேவா எழுதினே? விடு." துலக்கியபடியே கேட்டாள்: "இப்ப அங்க உட்கார்ந்திருக்கிற பொண்ணையும் திட்டுவாங்கல்ல?"

"திட்டுவாங்க."

அதன் பிறகு அக்கா மூன்று இடத்தில் வேலை கேட்டுப் போனாள். மூன்றிலும் பழைய இடத்தில் விசாரித்தார்கள். மெத்தனம் என்ற சொல் அவளுக்கு முன்னால் போய் நின்றது. நான்காவது இடத்துக்கு அவள் கிளம்பவில்லை. அக்காளும் தங்கையும் இப்போதும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். வேலையைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறப்பதில்லை.